காலண்டரில் போட்ட வட்டங்கள்

"ராத்திரியானா பல்லை நறநறன்னு கடிக்கிறான், அம்மியில உப்புக்கல்லு அரைக்கிற மாதிரி சத்தம் டாக்டர். பூச்சி மாத்திரையும் குடுத்துப் பாத்தாச்சு, நிக்கலை."

தங்கச்சிமடம் பக்கமிருந்து 6 வயது மகனோடு வந்த தாய் சொன்னது இது. ராமநாதபுரம் கடலோரத்தில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சு பழக்கம்தான். பூச்சி மாத்திரையைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வருஷத்துக்கு 2 முறை தருகிறார்கள். அதைப் போடத்தான் வேண்டும். ஆனால் பல் நறநறப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

வாயைத் திறக்கச் சொன்னேன். மேல் கோரைப்பற்களின் கூர் போய், உளியால் சீவினாற்போலத் தட்டையாக இருந்தது. கீழேயும் அதே பளபளப்பு. தாடையைக் கொஞ்சம் ஒருபக்கம் நகர்த்தியதும் தேய்ந்த முகம் இரண்டும் அச்சாகப் பொருந்தின. கன்னங்களில் விரல் வைத்து, "தம்பி, நல்லாக் கடி பாப்போம்" என்றேன். தாடைத் தசை கூழாங்கல்லாகப் புடைத்தது. லேசாக அழுத்தினாலே முகம் சுளித்தான். காலையில் நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்று அடிக்கடி சொல்வானாம்.

அவன் அப்பா விசைப்படகுத் தொழிலாளி. திங்கள், புதன், சனி போனால் மறுநாள்தான் கரை. கைது, படகு பறிமுதல் என்ற பேச்செல்லாம் இங்கே குழந்தைகளின் காதிலும் விழுகிறது. பயம்தான் காரணம் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். இருந்தாலும், சத்தம் கேட்கிற ராத்திரிகளைக் காலண்டரில் வட்டம் போடச் சொன்னேன்.

மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்தே கொண்டுவந்தார். என் கணிப்பு தப்பு. அப்பா வீட்டில் இருந்த ராத்திரிகளிலும் வட்டம் இருந்தது. சளி பிடித்திருந்த நாட்களிலோ வரிசையாக வட்டங்கள்.

"தூங்கும்போது வாயால மூச்சு விடுறானா?"

"ஆமா டாக்டர், குறட்டையும் உண்டு. அவுக அப்பா மாதிரின்னு விட்டுட்டோம்."

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கி மூச்சு வழியை அடைத்திருந்தது. மூச்சு தடைப்பட்டுத் தூக்கம் லேசாகக் கலையும் நேரங்களில் தாடை இறுகிப் பல் உரசுவதுண்டு.

எல்லாக் குழந்தைக்கும் மூக்கு காரணமில்லை. 10 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டுப்பாடம் எழுதும்போது பகலிலேயே பல்லை இறுக்கிக்கொள்வாள். உதடு மூடியிருக்கட்டும், பல்லோடு பல் ஒட்ட வேண்டாம் என்று பழக்கினோம். வளருகிற தாடைக்கு, பெரியவர்களுக்குத் தூங்கும்போது மாட்டிக்கொள்ளத் தருகிற பல்லுறையை நான் எளிதில் தருவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிலைப்பற்கள் வர வர இது தானாகவே குறைந்துவிடும். சத்தம் தாங்காமல் தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பி அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பிள்ளை அதைத் தெரிந்து செய்யவில்லை.

மூக்குக்கு மருந்து எடுத்தபின் அந்தத் தாய் இன்னொரு தாளோடு வந்தார். 4 வட்டம்தான். பையனின் பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிலைப்பல் எட்டிப் பார்த்திருந்தது. அதன் மேடுபள்ளம் எதுவும் தேயவில்லை. அடுத்த மாதத் தாளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.