ஜெர்மனியில் பழைய விறகுக் கணப்பை மாற்றிய அனுபவம்

ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில், எண்ணெயில் இயங்கும் கொதிகலனோடு கூடத்தில் ஒரு விறகுக் கணப்பும் இருந்தது. அதன் பின்புறத் தகட்டில் 1998 என்று பொறித்திருந்தது. ஜெர்மானியச் சட்டப்படி, 1995 தொடக்கம் முதல் 2010 மார்ச் 21 வரை தரச்சோதனை பெற்ற கணப்புகள், ஒரு கன மீட்டர் புகையில் தூசு 0.15 கிராமையும் கார்பன் மோனாக்சைடு 4 கிராமையும் தாண்டுவதில்லை என்பதற்குச் சான்று இருந்தால்தான் 2024 டிசம்பர் 31க்குப் பிறகும் எரியலாம். எங்களுடையதற்கு அப்படி ஒரு தாளும் கிடைக்கவில்லை. தூசு வடிகட்டி பொருத்திக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு; ஆனால் உள்ளே செங்கல்லெல்லாம் வெடித்துப்போன கணப்புக்கு அந்தச் செலவு தகாது என்று தோன்றியதால், புதியது வாங்க முடிவு செய்தோம். இங்கே பழைய வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பெருகிவருவதால், நாங்கள் கடந்து வந்த வழியை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பேச வேண்டியவர் கடைக்காரர் அல்லர்; உங்கள் வட்டாரத்தின் ஷோர்ன்ஷ்டைன்ஃபேகர், அதாவது புகைபோக்கித் துப்புரவாளர். ஏழாண்டுக் காலத்துக்கு ஒரு வட்டாரத்துக்கென நியமிக்கப்படும் இவர் கைவினைஞர் மட்டுமல்ல, தீப்பாதுகாப்பு அதிகாரியும்கூட. இவர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்காமல் புதிய கணப்பில் தீ மூட்ட முடியாது. எனவே, வாங்கும் முன்பே அவரை வரவழைத்தோம். நிலவறையில் புகைபோக்கியின் அடியிலுள்ள சிறு இரும்புக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். கரி படிந்த நான்கு சுவர்களுக்கு மேலே, வெகு தொலைவில், வானம் ஒரு சின்னச் சதுரமாகத் தெரிந்தது. வளைவோ அடைப்போ இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அந்தக் காலத்துப் புகைபோக்கி மிகவும் அகலமானது. இன்றைய சிறிய கணப்பின் புகை அதற்குள் ஏறும்போதே குளிர்ந்துவிடும், ஈரமும் தாரும் சுவரில் படியும், நாளடைவில் அந்தத் தாரே தீப்பற்றும் என்று விளக்கினார். ஆகவே உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்க வேண்டியிருந்தது. கணப்பின் விலையை மட்டும் கணக்கிட்டுக்கொண்டு போகிறவர்களுக்குச் செலவு கைமீறுவது இந்த இடத்தில்தான்.

பெல்லட்டா, விறகா என்று நாங்களும் யோசித்தோம். மரத்தூளை அழுத்திச் செய்யும் 6 மி.மீ. தடிமனுள்ள பெல்லட்டில் ஈரம் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்காது. திருகுதண்டு அதை அளவாக உள்ளே தள்ளும். வேண்டிய வெப்பநிலையை வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ஏறத்தாழ இரண்டு கிலோ பெல்லட் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஈடான வெப்பம் தரும். பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். விசிறியின் ஓசை ஓயாது இருக்கும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் அதன் விலை எப்படி ஏறியது என்பதையும் பார்த்திருக்கிறோம். எங்கள் ஊர்க் காட்டிலேயே விறகு கிடைப்பதால் விறகையே தேர்ந்தோம்.

கணப்பின் திறன் பற்றி ஒரு சொல். கடையில் 8 கிலோவாட் கணப்பை வற்புறுத்தினார்கள். நாங்கள் 5 கிலோவாட் போதும் என்று உறுதியாக நின்றோம். தேவைக்கு மேல் பெரிய கணப்பை வாங்கினால் அறை அனலாகிவிடும், அதைத் தணிக்கக் காற்றை அடைப்போம், காற்றில்லாமல் புழுங்கும் தீ புகையும் கரியுமாக வெளியேறும். சிறிய கணப்பை முழுத் தீயில் எரிப்பதே அக்கம்பக்கத்தார் மூச்சுக்கும் நல்லது. விறகுப் புகை தீங்கற்றது என்ற விளம்பரப் பேச்சை நான் ஏற்பதில்லை. ஸ்டுட்கார்ட் நகரில் தூசு மிகுந்த நாட்களில், வேறு வெப்ப வசதி உள்ள வீடுகள் கணப்பு மூட்ட 2017இல் தடை வந்ததற்குக் காரணம் இருந்தது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது சமையலறைப் புகைவாங்கி. தாளிப்பு, மிளகாய் வறுவல் என்று அது நம் வீடுகளில் நாள்தோறும் ஓடும். அது காற்றை வெளியே இழுக்கும்போது வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, மேலே போக வேண்டிய கணப்புப் புகை, மணமற்ற கார்பன் மோனாக்சைடோடு அறைக்குள் திரும்பக்கூடும். கணப்புக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரத் தனிக்குழாய் வைத்திருக்கிறோமே என்றேன். அறைக்காற்றைச் சாராதது என்று தனி ஒப்புதல் பெற்ற வகையாக இருந்தாலொழிய அந்தக் குழாய் போதாது என்றார் துப்புரவாளர். கரி வடிகட்டி வைத்துக் காற்றை உள்ளேயே சுழற்றும் புகைவாங்கிக்கு மாறலாம். ஆனால் மிளகாய் நெடிக்கு அது ஈடுகொடுக்காது. கடைசியில் சன்னலில் ஒரு தொடுவிசை பொருத்தினோம். சன்னல் திறந்திருந்தால்தான் புகைவாங்கிக்கு மின்சாரம் போகும். அதோடு ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் மாட்டியிருக்கிறோம்.

பொருத்தும் வேலை சிக்கலின்றி முடிந்தது. மரத்தரை என்பதால் கணப்பின் வாய்க்கு முன்னே 50 செ.மீ., பக்கங்களில் 30 செ.மீ. அளவுக்குத் தீப்பற்றாத தகடு வேண்டும்; கண்ணாடிக்கு எதிரே 80 செ.மீ.க்குள் சோபாவோ திரைச்சீலையோ கூடாது. துப்புரவாளர் இவற்றை நாடாவால் அளந்து, குழாய் இணைப்புகளைத் தடவிப் பார்த்துச் சான்று தந்தார். விறகுக் கணப்பைப் புதிதாகக் கையாள்பவர் ஓராண்டுக்குள் அவரிடம் ஆலோசனை பெறுவது கட்டாயம் என்பதால் அன்றே அதையும் கேட்டுக்கொண்டோம். கட்டைகளைக் கீழே அடுக்கி, உச்சியில் சிராய்களை வைத்து மேலிருந்து கொளுத்த வேண்டும். அப்போது கட்டையிலிருந்து எழும் வாயு தீயின் ஊடே போய் எரிந்துவிடும், புகை மிகக் குறைவு. முதல் சில முறை மேற்பூச்சு சூடேறி நாறும். சன்னல்களைத் திறந்துவைத்துக் குழந்தைகளை வேறு அறையில் இருத்துங்கள்.

விறகின் ஈரத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அதை எரித்தால் வெப்பத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட ஈரம் 25 விழுக்காட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். ஈரமானியைக் கட்டையின் வெளிப்புறத்தில் குத்தினால் எண் பெரும்பாலும் குறைவாகவே காட்டும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும். உலர்ந்தது என்று சொல்லி விற்ற ஒரு சுமையை இப்படிச் சோதித்துத் திருப்பி அனுப்பினோம். கண்ணாடி கறுத்தால், ஈரத் தாளில் கொஞ்சம் வெண்சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் போதும். ஊரில் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்குவது போலத்தான். மீதிச் சாம்பல் மூடியுள்ள இரும்பு வாளியில், கல்தரையில், முழுதும் ஆறும்வரை இருக்கட்டும். ஒருநாள் கழித்தும் அதில் கங்கு இருக்கும்.

பீச் மரம் பிளந்தபின் காய இரண்டு கோடையாவது வேண்டும். அதனால் 2026 வசந்தத்தில் வாங்கியதைச் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு, மேலே மட்டும் கூரை போட்டு, பக்கங்களில் காற்றோட அடுக்கியிருக்கிறோம். அதை 2027 குளிர்காலத்துக்கு முன் தொடப்போவதில்லை.