அடுக்கு எஃப்எம்ஆர்ஐ: முதல் தரவில் கைவைக்கும் முன்

மூளையின் வெளிப்போர்வையான பெருமூளைப் புறணியின் தடிமன் 2 முதல் 4 மி.மீ.தான், அதற்குள் ஆறு அடுக்குகள். மூளையின் செயல்பாட்டை ரத்த மாற்றங்கள் வழியே படமாக்கும் எஃப்எம்ஆர்ஐயில் இந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் அடுக்கு எஃப்எம்ஆர்ஐ. செய்தி எந்த அடுக்கில் வந்து இறங்குகிறது, எதிலிருந்து புறப்படுகிறது என்று தெரிந்தால்தான் இணைப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்ல முடியும்.

முதல் பயிற்சியை இயக்கப் புறணியில், கைக்குரிய பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தடிமன் கிட்டத்தட்ட 4 மி.மீ.; விடையும் தெரிந்தது. தொடுவுணர்வுப் புறணியின் உள்ளீடு மேலடுக்குகளுக்கு வருகிறது, தண்டுவடத்துக்கான கட்டளை ஐந்தாம் அடுக்கிலிருந்து போகிறது. விரல்களை ஒன்றோடொன்று தட்டும்போது, ஆழத்துக்கு ஆழம் சிக்னலைக் காட்டும் கோட்டில் இரண்டு மேடுகள் வரவேண்டும். விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் அசைந்தால் மேல் மேடு தணியும். ஹூபர் குழு 2017இல் 7 டெஸ்லா காந்தப்புல ஸ்கேனரில் காட்டியது இதைத்தான்.

ரத்தத்தின் ஆக்ஸிஜன் மாற்றத்தைப் பார்க்கும் வழக்கமான போல்ட் முறையில் இரண்டு மேடு வராது, கோடு வெளிப்பரப்பை நோக்கி ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்து மேலடுக்கு அதிகம் வேலை செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள். ரத்தம் ஆழத்திலிருந்து சிரைகள் வழியே மேலே வடிகிறது. கீழே நடந்ததன் தடம் மேலேயும் சேர்கிறது. அடுக்குகளுக்கிடையே ஒட்டுறவு கணக்கிட்டால் உண்மையில் இல்லாத இணைப்பையும் இந்த வடிகாலே இருப்பதுபோல் காட்டிவிடும்.

அதனால்தான் ரத்தக் கனஅளவை அளக்கும் வாசோ என்ற முறை தேவைப்படுகிறது. ரத்தச் சிக்னல் பூச்சியமாகும் நேரத்தில் எடுத்த படத்தை, அப்படி ஆகாத படத்தால் வகுத்தால் போல்ட் கலப்பு நீங்கும். செயல்பாடு கூடும்போது வாசோ சிக்னல் குறையும், குறியை மாற்ற மறக்கவேண்டாம். உணர்திறன் குறைவு என்பதால் 10–12 நிமிட ஓட்டங்கள் பலவற்றைச் சராசரி எடுக்கவேண்டியிருக்கும். அசைவுத் திருத்தத்தையும் ஓட்டங்களின் பொருத்தலையும் ஒரே இடைக்கணிப்பில் (படப்புள்ளிகளின் மதிப்பைப் புதிய இடங்களுக்குக் கணிப்பது) முடியுங்கள். ஒவ்வொரு இடைக்கணிப்பும் படத்தை மங்கலாக்கும்.

அதிகப் பொறுமை கேட்பது புறணியின் எல்லை வரைவு. தனியாக எடுத்த உடற்கூற்றுப் படத்தில் வரையாதீர்கள். எஃப்எம்ஆர்ஐ தரவை எடுக்கும் வேகமான முறையான இபிஐயின் வளைவு நெளிவு அதில் இருக்காது. வாசோ தரவிலிருந்தே கிடைக்கும், திசுக்களைப் பிரித்துக் காட்டும் டி1 படத்தை 0.2 மி.மீ. நுணுக்கத்துக்குப் பெருக்கி அதன்மேல் வரையுங்கள். அடுக்குகளைக் கணக்கிடும் லேனி மென்பொருளுக்குக் கொடுக்கவேண்டிய குறி எண்கள்: வெளி எல்லை 1, வெண்பொருள் எல்லை 2, நடுவே சாம்பல் பொருள் 3. வெளிக்கோடு சற்றே தள்ளிப்போனாலும் மேற்பரப்புச் சிரை உள்ளே வந்துவிடும். மடிப்பின் இரு கரைகளும் ஒட்டி நிற்கும் இடத்தில் நடுக்கோடு விட்டுப்போனால் எதிர்க்கரையின் அடுக்குகள் கலக்கும்.

0.8 மி.மீ. வாக்ஸலில் (முப்பரிமாணப் படப்புள்ளி) 4 மி.மீ. புறணிக்கு ஐந்து வாக்ஸல்தான். வரைபடத்தில் 20 அடுக்குகள் போடலாம், ஆனால் அவற்றை 20 தனி அளவீடுகளாக எண்ணிப் புள்ளியியல் சோதனை செய்யக்கூடாது. பிழைக்கோடுகளை ஓட்டங்களுக்கிடையேயான மாறுபாட்டிலிருந்து போடுங்கள்.