கிரேட்ஃபுல் டெட்: எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்?

மண்டபம், பாம்பன் பக்கம் கிரேட்ஃபுல் டெட்ங்கிற அமெரிக்க ராக் குழுவைக் கேட்க ஆரம்பிச்சிருக்கிற தம்பிகளுக்கு: முதல்ல 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தோட பார்ட்டன் ஹால் கச்சேரி. குழுவோட ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிஞ்சது. ஃபில் லெஷோட பேஸ் கிட்டார் தனியா, கனமாக் கேட்கும். இதுதான் உச்சம்னு பலர் சத்தியம் பண்ணுவாங்க. எனக்கு 1972 ஆகஸ்ட் 27, ஒரேகான் மாநிலத்து வெனீட்டா கச்சேரி ஒரு படி மேல.

கச்சேரிப் பதிவுல ரெண்டு வகை. மேடை மைக்குகளோட ஒலியைக் கலக்குற மிக்ஸர்ல இருந்து நேரா எடுத்த பதிவு தெளிவா இருக்கும். ஆனா சின்ன அரங்குல கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) மேடையிலேயே அலறுறதால மிக்ஸருக்குள்ள அது கம்மியாத்தான் போகும். குரல் முன்னால துருத்தும். கூட்டத்துல மைக் வச்சு எடுத்ததுல அரங்கமே உயிரோட இருக்கும், பக்கத்து ஆளோட விசிலும் சேர்த்து.

ரெண்டையும் கலக்குறவங்க கவனிங்க. மைக் 30 மீட்டர் தள்ளி இருந்தா சத்தம் சுமார் 0.09 நொடி பிந்தும். நகர்த்திச் சேர்க்கலைன்னா எதிரொலிதான். ரெண்டு ரெக்கார்டரும் ஒரே வேகத்துல ஓடாது. தொடக்கத்துல ஒட்டினது கடைசிப் பாட்டுல விலகும். நடுநடுவே திருத்தணும்.

நம்ம திருவிழா மேடைக்கும் இதே கணக்கு. கூடவே கடக்காத்து: மைக்குக்கு ரோம உறை போடலைன்னா தவில் எது, காத்து எதுன்னே தெரியாது.