வெட்டும் முடக்கமும்: கிரீஸின் 2012 ஊதியச் சட்டம் பற்றி

"வெட்டியிருக்கக் கூடாது, முடக்கியிருக்கலாம்" என்பதுதான் நான் சொன்ன பதில். முடக்குவது என்றால் ஏற்றாமல் அப்படியே நிறுத்திவைப்பது. கேட்டவர் ஏதென்ஸிலிருந்து வந்த இளம் சக ஊழியர். கடன் நெருக்கடியில் சிக்கிய கிரீஸ், கடன் கொடுத்த ஐரோப்பிய நாடுகளோடும் பன்னாட்டு நாணய நிதியத்தோடும் பேரம் பேசிய 2012 பிப்ரவரியில் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் குறைந்தபட்ச ஊதியத்தை என்ன செய்திருப்பீர்கள் என்பது அவர் கேள்வி. என் பதிலைக் கேட்டுவிட்டு, "முடக்கினார்களே, அது உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்ட கோணத்தில் அதை அதுவரை யோசித்ததில்லை.

வெட்டு எல்லோரும் அறிந்தது. மாதம் 751.39 யூரோவாக இருந்த குறைந்தபட்ச ஊதியம் 22 சதவீதம் குறைந்து 586.08 ஆனது. 25 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு 32 சதவீதம் குறைத்து 510.95 ஆக்கினார்கள். பிடித்தம் போகக் கையில் கிடைத்தது முன்னவருக்குச் சுமார் 489, பின்னவருக்குச் சுமார் 427. ஒரே கடையில் ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு 25 முடிந்தால் முதலாளிக்குச் சம்பளத்தில் மட்டும் மாதம் 75 யூரோ கூடுதல் செலவு. பிறந்த நாள் நெருங்கும் ஊழியரை வைத்துக்கொள்வதா, 22 வயதுப் புது ஆளை எடுப்பதா என்று கணக்குப் போடும் நிலையைச் சட்டமே உண்டாக்கியது. வேலையில்லாதவருக்கான உதவித்தொகை குறைந்தபட்ச ஊதியத்தோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் 461.50-லிருந்து 360-க்கு இறங்கியது. அதிகபட்சம் 12 மாதங்கள்தான் அது கிடைக்கும். அடுத்த ஆண்டில் வேலையில்லாதோரில் ஏறக்குறைய மூன்றில் இருவர் ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்தார்கள்.

கடன் கொடுத்தவர்கள் பக்கத்து வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நான் இன்றும் தள்ளவில்லை. கிரீஸில் ஆண்டுக்கு 14 சம்பளம். நாடுகளை ஒப்பிடும்போது மாதத் தொகையை 14-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிட்டுத் தப்பான அட்டவணை போடுபவர்கள் ஏராளம். அப்படிப் பார்த்தால் கிரீஸ் 876.62, போர்ச்சுகல் 565.83. நாணய மதிப்பைக் குறைக்க வழியில்லை, கையில் இருப்பது யூரோ. நெருக்கடிக்கு முன்பு நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது வெளிநாடுகளோடு வரவைவிடக் கூடுதலான செலவு, நாட்டின் மொத்த உற்பத்தியில் 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அப்படிப்பட்ட நாடு தன் செலவை எங்காவது குறைத்துத்தான் ஆக வேண்டும். இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் அதே காலத்தில் கடனுக்காக அவர்களிடமே போன மற்ற இரு நாடுகளைப் பாருங்கள். அயர்லாந்து 2011 பிப்ரவரியில் மணிக்கு 8.65 யூரோவை 7.65 ஆக்கியது. ஆட்சி மாறியதும் ஜூலையில் பழைய விகிதம் திரும்பி வந்தது. முதலாளிகளுக்கு ஈடாக, குறைந்த சம்பளக்காரர்களுக்காக அவர்கள் கட்டும் சமூகக் காப்பீட்டுப் பங்கை 8.5 சதவீதத்திலிருந்து பாதியாக, 4.25 ஆக்கினார்கள். சுமை அரசு கணக்குக்குப் போனது, தொழிலாளியின் பைக்குள் கை வைக்கவில்லை. போர்ச்சுகல் வெட்டவே இல்லை. 485 யூரோ மாதத் தொகையை (14-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மேலே சொன்ன 565.83) 2011 தொடக்கத்திலிருந்து அப்படியே நிறுத்திவைத்து, 2014 அக்டோபரில் 505 ஆக்கியது. மூன்றில் கிரீஸ் மட்டும்தான் வயது பார்த்து வெட்டியது. அதுவும் அன்றைய பிரதமர் லூக்காஸ் பாப்பாடெமோஸ் அரசிடம் கிரேக்க முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, குறைந்தபட்ச ஊதியத்தைத் தொடாதீர்கள் என்று சொன்ன பிறகு. சம்பளம் கொடுப்பவரே வேண்டாம் என்ற வெட்டு அது.

ஆகவே "முடக்கியிருக்கலாம்" என்று சொன்னபோது என் மனதில் இருந்தது போர்ச்சுகல். அவர் மனதில் இருந்தது வேறு ஒரு முடக்கம்.

கிரேக்கச் சட்டத்தில் குறைந்தபட்சத்தின் மேல் அனுபவப் படி உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு மூன்று ஆண்டுக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 9 ஆண்டுக்கு 30 சதவீதம். 2012 பிப்ரவரி 14-ஆம் தேதியோடு இந்த எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. அதற்குள் சம்பாதித்த படி கையில் இருக்கும், புதிதாக ஏறாது. எதுவரை? வேலையின்மை 10 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை. வெட்டைப் பற்றி நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. இந்த வரியைப் பற்றிப் பேச்சு மிகக் குறைவு. யாருடைய கையிலிருந்தும் எதையும் பிடுங்காததால் அன்றைக்கு அது மென்மையான வரியாகத் தெரிந்தது.

வேலையின்மை 2013-ல் 27 சதவீதத்தைத் தாண்டியது, இளைஞர்களிடையே 58. ஊதியம் குறைந்தால் வேலை பெருகும் என்ற கணக்கு ஏன் பொய்த்தது என்பதற்கு ஒரு பகுதி விடை பன்னாட்டு நாணய நிதியத்திலிருந்தே வந்தது. அரசு தன் செலவில் ஒரு யூரோவைக் குறைத்தால் உற்பத்தி அரை யூரோ குறையும் என்று வைத்துத்தான் முன்கணிப்புகள் போடப்பட்டிருந்தன, உண்மையில் 0.9-லிருந்து 1.7 வரை இருந்தது என்று 2012 அக்டோபரில் அந்நிதியம் எழுதியது. அதன் தலைமைப் பொருளாதார அறிஞர் ஒலிவியே பிளான்ஷார் அடுத்த ஜனவரியில் சக ஆய்வாளரோடு அதை விரிவாகவே வெளியிட்டார். இன்னொரு காரணமும் உண்டு: கூலி இறங்கிய வேகத்தில் விலைகள் இறங்கவில்லை. ஏற்றுமதிப் பொருள் மலிவாகியிருக்க வேண்டும். பல துறைகளில் அந்த வித்தியாசம் இலாபத்திலும் ஏறிய வரியிலும் நின்றுவிட்டது.

வெட்டைப் பின்னால் சரிசெய்தார்கள். 2019 பிப்ரவரியில் 650 யூரோ ஆனபோது 25 வயதுக்குக் கீழான தனி விகிதத்தையும் ஒரே நாளில் ஒழித்தார்கள். 2023 ஏப்ரலில் 780 ஆகி, எண்ணளவிலாவது பழைய 751-ஐத் தாண்டியது. விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் கதை வேறு, அது இருக்கட்டும்.

அனுபவப் படி முடக்கம் அப்படிச் சரியாகவில்லை. 2012 மார்ச்சில் 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் அவருக்கு 11 ஆண்டு அனுபவம், சம்பளம் 780. பக்கத்து இருக்கைக்காரர் 2012-க்கு முன்பே 9 ஆண்டு முடித்திருந்தால் அவருக்கு 30 சதவீதம் சேர்த்து 1,014. மாதம் 234, ஆண்டுக்கு 14 சம்பளத்தில் 3,276 யூரோ வித்தியாசம். சட்டம் 2024 ஜனவரி 1-ஆம் தேதி முடக்கத்தை நீக்கியது. ஆனால் இடைப்பட்ட ஏறக்குறைய 12 ஆண்டுகள் கணக்கில் வரா. 2012-க்கு முன் அனுபவமே இல்லாதவருக்கு எண்ணிக்கை 2024-ல் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. முதல் 10 சதவீதம் 2027-ல்.

சக ஊழியர் என்னிடம் கேட்டது இதைத்தான்: "விகிதத்தை ஒரு கையெழுத்தில் ஏற்றலாம். போன வருஷங்களை யார் கொடுப்பார்கள்?"

அதற்குப் பிறகு எனக்குள் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருக்கிறேன். போர்ச்சுகலில் நிறுத்திவைத்தது ஒரு தொகையை. கிரீஸில் நிறுத்தியது மனிதர்களின் அனுபவத்தை. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது சரியான விடைதான். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து, 22 சதவீத வெட்டைத் தவிர்க்க அனுபவப் படியை நிறுத்தலாமா என்று யாராவது பேரம் பேசியிருந்தால் நான் உடனே ஒப்புக்கொண்டிருப்பேன். அன்று வேலையில் இருந்தவர் யாரும் ஒரு யூரோகூட இழக்க மாட்டாரே என்று வாதாடியும் இருப்பேன்.

இன்று அந்த வரியை எழுதச் சொன்னால் 10 சதவீதம் என்ற நிபந்தனையை வைக்க மாட்டேன். வேலையின்மை விகிதம் ஊழியர் கையில் இல்லை. அரசின் செலவுக் குறைப்பே அதை ஏற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் மூன்று ஆண்டு என்று தேதி போட்டு, அந்த நாளில் தானாகக் காலாவதியாகும் என்றும், இடைக்கால அனுபவம் பின்னால் எண்ணப்படும் என்றும் எழுதுவேன். இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 2010, 2012, 2015 என்று மூன்று முறை கடன் ஒப்பந்தம் போட்ட நாட்டில், 2015-ல் முடியும் தேதியை அதே ஆண்டு நீட்டியிருக்க மாட்டார்களா என்றார். நீட்டியிருக்கலாம். ஆனாலும் நீட்டுவதென்றால் நாடாளுமன்றம் மறுபடி வாக்களிக்க வேண்டும், யாராவது எழுந்து காரணம் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும் போதுமா என்று தெரியவில்லை.