பதிமூன்று கற்களில் ஒரு வளைவு: ரோமனெஸ்க் கூரையைச் செய்து பார்த்தேன்

ஷ்பையர் பேராலயத்துக்கு நான் முதல்முறை போனது போன செப்டம்பரில். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில், 134 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் சிவப்பு மணற்கல் கட்டடம். ரோமனெஸ்க் பாணி, அதாவது 11, 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அரைவட்ட வளைவுப் பாணி. 1030 வாக்கில் பேரரசர் இரண்டாம் கான்ராட் இதைத் தொடங்கினார். அப்போது நடுக்கூடத்துக்கு மரத்தாலான தட்டைக் கூரைதான். அவருடைய பேரன் நான்காம் ஹென்றி 1080களில் அதை எடுத்துவிட்டு, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த சுவர்கள் மேல் கல்லிலேயே வளைகூரை போட வைத்தார். சுமார் 14 மீட்டர் அகலம், தரையிலிருந்து 33 மீட்டர் உயரம். கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். இது எப்படி நிற்கிறது என்ற கேள்வி மட்டும் போகவே இல்லை. படித்துப் பார்த்தேன், படங்களும் பார்த்தேன். சரி, கட்டித்தான் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

ஐம்பதில் ஒரு பங்கு அளவு. அதாவது 14 மீட்டர் அகலம் என் மேசையில் 28 சென்டிமீட்டர். அரைவட்ட வளைவுக்குப் பதிமூன்று ஆப்புக் கற்கள், ஒவ்வொன்றும் 13.85 பாகை. ஒற்றைப்படையாக வைத்தால்தான் உச்சியில் ஒரு கல் நடுவாக உட்காரும். சிலிக்கான் அச்சு ஒன்று செய்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றி, ஒரு நாளைக்கு நான்கு கற்கள் வீதம் எடுத்தேன். பசை, சாந்து எதுவும் கிடையாது. கல் மேல் கல்.

கட்டும்போது வளைவைத் தாங்க அடியில் மரச்சட்டம் வேண்டும். ஆங்கிலத்தில் அதன் பெயர் சென்ட்ரிங். நம் ஊரில் கான்கிரீட் தளம் போட, பலகை அடிக்கிறோமே, அதே சொல்தான். தட்டையான தளத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை. அது வளைவு கட்டியவர்களின் சொல். சட்டத்தின் கால்களுக்கு அடியில் இரண்டு இரண்டாக ஆப்பு செருகி வைத்தேன். ஆப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினால் சட்டம் மெதுவாக இறங்கும், கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும்.

முதல் வளைவின் கனம் 1.2 சென்டிமீட்டர். ஆப்பை உருவியதும் விழுந்தது. மறுபடி அடுக்கி, போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தேன். உச்சி இறங்குகிறது, அங்கே மூட்டு அடிப்பக்கம் வாய் திறக்கிறது. அதே நேரத்தில் இரண்டு தோள்களும் வெளியே பிதுங்க, அங்கே மூட்டு மேல்பக்கம் திறக்கிறது. எந்தக் கல்லும் உடையவில்லை. கீல் வைத்த கதவு போல மூட்டுகள் திரும்பியதில்தான் வளைவு போனது. தன் எடையை மட்டும் தாங்கும் அரைவட்ட வளைவு நிற்க, அதன் கனம் நடு ஆரத்தில் (வட்ட மையத்திலிருந்து கல்லின் நடுக்கனம் வரையுள்ள தூரம்) பத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம் இருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. என்னுடையது எட்டு சதவீதம்தான்.

கனத்தை 2 சென்டிமீட்டர் ஆக்கினேன். கல்லின் உள்விளிம்பு 3.4, வெளிவிளிம்பு 3.9. ஆப்பை உருவினேன், ஒரு மெல்லிய ‘டக்’ சத்தம், அவ்வளவுதான், நின்றுவிட்டது. உச்சிக்கல் மேல் விரலை வைத்து அழுத்தினேன். அசையவில்லை. அன்று ராத்திரி சாப்பிடப் போகாமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை வளைவு நேரே மேசை மேல் நின்றது. அதை 20 சென்டிமீட்டர் உயரச் சுவர்கள் மேல் ஏற்றியபோதுதான் உண்மையான பாடம். 3 சென்டிமீட்டர் கனச் சுவர்கள் இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்தன. வளைவு நடுவில் தொப்பென்று விழுந்தது. 5 சென்டிமீட்டரில் நின்றது, ஆனால் மேசையைத் தட்டினால் பயமாக இருந்தது. 6 சென்டிமீட்டரில்தான் உறுதி வந்தது. நிஜ அளவில் அது 3 மீட்டர் சுவர்! ரோமனெஸ்க் என்றாலே தடித்த சுவர், சின்ன ஜன்னல், இருட்டு என்று எழுதுவார்கள், ஏதோ கைத்திறன் குறைந்த காலம் என்பது போல. சாய்கிற சுவரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளைவு கீழே மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் ஓயாமல் தள்ளுகிறது.

அந்தத் தள்ளலைக் கண்ணால் பார்க்க பிரான்ஸில் வெஸ்லே தேவாலயத்துக்குப் போக வேண்டும். ஏப்ரலில் போனேன். 1120 தீவிபத்துக்குப் பிறகு எழுந்த நடுக்கூடம் அது. குறுக்கு வளைவுகளில் வெளிர்கல்லும் கருமையான கல்லும் மாறி மாறி வரும். முதலில் கண்ணைப் பறிப்பது அந்த அழகுதான். கூடத்தின் நடுவில் நின்று நேராகப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. வளைவுகள் முழு அரைவட்டமாக இல்லை, உச்சியில் சற்றுத் தட்டையாகி இருக்கின்றன. சுவர்கள் மேலே போகப் போக வெளியே சாய்கின்றன. என் மேசையில் நொடியில் நடந்தது இங்கே பாதியில் நின்றிருக்கிறது. வெளியே வந்து, சுவருக்கு முட்டுக் கொடுக்கும் கல் வளைவுகளைப் பார்த்தேன். இடைக்காலத்தில் பின்னால் சேர்த்தவை. 1840இல் தொடங்கிய, கட்டடக்கலைஞர் வியோலே-லெ-டூக்கின் சீரமைப்பில் மறுபடி கட்டப்பட்டவை. எண்ணூறு வருடத்துக்கும் மேலாக ஒரு கட்டடத்தை விழவிடாமல் மாற்றி மாற்றிப் பிடித்து வந்திருக்கிறார்கள். அங்கே வெகுநேரம் நின்றேன்.

அப்புறம் குறுக்கு வளைகூரை. இரண்டு அரை உருளைகள் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் வடிவம். ஷ்பையரில் இருப்பது இதுதான். நீளமான உருளைக் கூரை, சுவரை முழு நீளத்துக்கும் தள்ளும். இது பாரத்தை நான்கு மூலைகளில் சேர்த்துவிடும். மூலையைத் தடிமனாக்கினால் போதும், நடுவில் ஜன்னல் வைக்கலாம்.

அட்டையில் அச்சு செய்ய மூன்று வாரம் ஆனது. மூலைவிட்டக் கோட்டில்தான் சிக்கினேன். பக்கவாட்டு அகலம் 28 என்றால் மூலைவிட்டம் 39.6. அங்கேயும் அரைவட்டம் வரைந்தேன். உச்சி 14க்குப் பதில் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டருக்குப் போய்விட்டது, பக்கங்களோடு பொருந்தவே இல்லை. அந்தக் கோடு நீள்வட்டமாக இருக்க வேண்டும். அட்டையை விரித்து வெட்டும்போது விளிம்பு சைன் வளைகோடாக வருகிறது. அதைக் கண்டுபிடித்த சாயங்காலம் நான்கு துண்டுகளும் இடைவெளியே இல்லாமல் சேர்ந்தன.

அச்சின் மேல் பிளாஸ்டர் பட்டைகளை அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, பத்து நாள் காயவிட்டு, அச்சை இறக்கினேன். நான்கு தூண் மேல் நிற்கிறது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் உள்ளே முழுக்க வெளிச்சம்.

போன வாரம் மறுபடி ஷ்பையர். 1689இல் பிரெஞ்சுப் படை வைத்த தீயில் கூடத்தின் மேற்குப் பாதி போய், 18ஆம் நூற்றாண்டில் மறுபடி கட்டியது என்பதால், கிழக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒன்றுவிட்டு ஒரு தூண் தடிமனாக இருக்கிறது. பழைய தூணின் முகத்தில் கூடுதலாக அரைத்தூண் ஒட்டியிருக்கிறார்கள். கூரையின் மூலை விழுகிற இடம் அது. போன தடவை அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோனேன்.

கீழே 1041இல் அபிஷேகம் செய்யப்பட்ட நிலவறைக்கூடத்தில், தூண் தலைகள் கனசதுரத்தின் அடி மூலைகளை உருட்டிவிட்டது போல இருக்கும். சதுரமான வளைவடியிலிருந்து வட்டத் தூணுக்கு இறங்க இவ்வளவு எளிய வழி இருக்கிறது. என் நான்கு தூணுக்கும் அப்படியே சோப்புக் கட்டியில் செதுக்கிப் பார்க்கிறேன். இரண்டு முடிந்தன, மூன்றாவதில் ஒரு மூலை ஆழமாகப் போய்விட்டது.

அடுத்து இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயம். மூலைவிட்டத்தில் அரைவட்ட விலா (கூரைக்கு அடியில் ஓடும் கல் வளைவுப் பட்டை) வைத்து, குறுக்கு வளைவைக் கூராக்கி, உயரத்தைச் சரிசெய்திருக்கிறார்கள். என்னைப் படுத்திய அதே 20 சென்டிமீட்டர் கணக்குத்தான். விலாவுக்கான அச்சு நேற்றுதான் வெட்டினேன்.