சுண்டெலிக் கருவில் விலாக்களை எண்ணுவது

சுண்டெலியின் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 5 அல்லது 6, திரிகத்தில் (இடுப்புக்கும் வாலுக்கும் இடைப்பட்ட பகுதி) 4 முள்ளெலும்புகள். கருவின் எந்தக் கண்டம் (உடல்துண்டு) எந்த வடிவம் எடுக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வதில் ஹாக்ஸ் மரபணுக்களுக்கே முதலிடம். மொத்தம் 39, நான்கு குரோமோசோம்களில் நான்கு கொத்துகள். வெவ்வேறு கொத்துகளில் உள்ள நிகரான மரபணுக்கள் ஒன்றுக்கொன்று ஈடுகொடுப்பதால், ஒன்றை மட்டும் முடக்கினால் பெரும்பாலும் சிறு மாற்றமே தெரியும். இவற்றில் ஒன்றான ஹாக்ஸ்சி8 போனால் முதல் இடுப்பு முள்ளெலும்பில் விலா முளைக்கும். எட்டாம் விலாவும் மார்பெலும்பைத் தொடும். ஹாக்ஸ்10 என்ற நிகர் மரபணுக் குழுவின் மூன்றையும் சேர்த்து முடக்கியபோதோ, திரிகம் தாண்டியும் விலாக்கள் வந்தன. மரபியல் ஆய்வாளர்கள் வெல்லிக்கும் கப்பெக்கியும் 2003இல் காட்டியது இது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க எலும்புச் சாயமேற்றல்தான் வழி. 18.5ஆம் நாள் கருவே வசதி. கருணைக்கொலைக்குப் பின் வெந்நீரில் சிறிது நேரம் முக்கினால் தோல் எளிதாக உரியும். குடலை எடுங்கள், தோள்களுக்கு இடையிலுள்ள பழுப்புக் கொழுப்பையும் விடாதீர்கள், அது மேல்மார்பு முள்ளெலும்புகளை மறைக்கும். 95 சதவீத எத்தனாலில் ஓரிரவு, அசிட்டோனில் ஓரிரவு. பிறகு குருத்தெலும்புக்கு அல்சியன் புளூ என்ற நீலச் சாயம், எலும்புக்கு அலிசரின் ரெட் என்ற சிவப்புச் சாயம்.

சறுக்கல் இங்கேதான். அல்சியன் கரைசலில் ஐந்தில் ஒரு பங்கு கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம். அதில் நாள்கணக்கில் போட்டுவைத்தால் கால்சியம் கரைந்துபோகும். பின்னர் அலிசரின் பிடிக்காது. சிவப்பு வெளிறியிருந்தால் எலும்பாக்கம் குறைந்துவிட்டது என்று எழுத அவசரப்படாதீர்கள். அடுத்து, தசையைத் தெளிவாக்கும் 1 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இதில் கடிகாரத்தை நம்பாமல் கருவைப் பார்க்க வேண்டும்: தசை வழியாக விலா தெரிந்ததும் கிளிசரால் கலவைக்கு மாற்றுங்கள். தாமதித்தால் விலாக்கள் கழன்று தட்டில் மிதக்கும், எண்ண ஒன்றும் மிஞ்சாது.

எண்ணும்போது ஆறாம் கழுத்து முள்ளெலும்பின் அடிப்புறப் புடைப்பு நல்ல அடையாளம். இரண்டாம் மார்பு முள்ளெலும்பின் நீண்ட முள் இன்னொன்று. இடமும் வலமும் தனித்தனியே எண்ணுங்கள். ஒருபக்க விலா மட்டும் மாறுவது அடிக்கடி நடக்கும். ஆய்வக எலி வகைகளில், சி57பிளாக்6 வகையில் இடுப்பு முள்ளெலும்பு பெரும்பாலும் 6, 129 வகையில் 5 மிகுதி. கலப்பின எலிகளில் இந்த வேறுபாடே பிறழ்வின் விளைவுபோல் தோன்றும். ஒப்பிட ஒரே ஈற்றுக் குட்டிகளையே எடுங்கள். வேறு கூண்டிலிருந்து வந்த ‘சாதாரண’ எலி போதாது.