மிசிசிப்பிக் கரை மாளிகைகள்

மார்ச் 14, 2025, வெள்ளி

நியூ ஆர்லியன்ஸிலிருந்து காலையிலேயே கிளம்பி, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றோரம் இருக்கும் வாச்சரி ஊருக்கு வந்தேன். ஓக் ஆலி மாளிகைக்கு எதிரே ஆற்றை நோக்கி இரண்டு வரிசையாக 28 ஓக் மரங்கள். மரங்கள் 1700களின் தொடக்கத்தில் நட்டவை என்கிறார்கள். வீடு அதற்கு நூறு வருஷம் பிந்தியது. ஜாக் தெலஸ்ஃபோர் ரோமன் என்ற கரும்பு முதலாளிக்காக 1837இல் தொடங்கி 1839இல் முடித்தார்கள். உழைத்தவர்கள் அவருடைய அடிமைகள்.

வீட்டைச் சுற்றி நிற்கும் டோரிக் (பழைய கிரேக்கப் பாணி) தூண்களும் 28தான். பார்த்தால் கல்லென்று தோன்றும், ஆனால் முழுக்கச் செங்கல். அங்கேயே மண் குழைத்து, அறுத்து, சுட்டு, மேலே பூச்சு பூசியிருக்கிறார்கள். சுவர் 16 அங்குலக் கனம். இரண்டு மாடியிலும் நாலு பக்கமும் அகலமான தாழ்வாரம் ஓடுவதால் வெயில் சுவரைத் தொடுவதே அபூர்வம். கதவுகள் நேருக்கு நேர் இருப்பதால் ஆற்றுக்காற்று வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் போகிறது. லூசியானா புழுக்கத்தை அறிந்தவர்களின் கட்டடம்.

சாப்பாட்டு அறையில் மேசைக்கு மேலே மரப் பலகையாலான பெரிய பங்கா, கயிற்றால் இழுத்து ஆட்டும் விசிறி. நம் ஊரில் வெள்ளைக்கார துரைகளின் அலுவலகங்களில் தொங்கியதே, அதேதான். சாப்பாடு முடியும்வரை ஓர் அடிமைச் சிறுவன் கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்த அறையைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது.

மார்ச் 15, சனி

நேற்று எழுதாமல் விட்டது அந்துவானைப் பற்றி. ரோமனின் தோட்டக்காரர், அடிமை. பெக்கான் என்ற கொட்டை மரத்தின் விதையை நட்டால் தாய்மரத்தின் காய் அப்படியே வராது, மரத்துக்கு மரம் மாறும். நல்ல மரத்தின் குச்சியை எடுத்து 1846-47 குளிர்காலத்தில் 16 மரங்களில் வெற்றிகரமாக ஒட்டுக்கட்டினார் அந்துவான். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்தக் காய் பரிசு வாங்கியது, 'சென்டினியல்' (நூற்றாண்டு) என்று பெயரும் வைத்தார்கள். ஒட்டுக்கட்டியவர் பெயரை வைக்கவில்லை. இன்றைய பெக்கான் தொழிலுக்கே அவர் கைதான் தொடக்கம்! 1848இல் ரோமன் இறந்தபின் எடுத்த சொத்துக் கணக்கில் அந்துவானும் ஓர் உருப்படி: விலை 1,000 டாலர்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் 1866இல் வீடு ஏலம் போனது. 1925இல் வாங்கிய ஸ்டூவர்ட் தம்பதி புதுப்பித்தார்கள். அடிமைகளின் குடிசைகளோ அழிந்தே போய், இப்போது ஆறு மட்டும் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

வாலஸ் ஊரில் விட்னி, பழைய கரும்புத் தோட்டம். 2014இல் திறந்த அருங்காட்சியகம். முதலாளி வீட்டைவிட அடிமைகளின் கதைக்குத்தான் முதலிடம். கல்லில் வரிசை வரிசையாகப் பெயர்கள். இப்படித்தான் எல்லா இடத்திலும் காட்ட வேண்டும்.

மே 16, வெள்ளி

நேற்று லூசியானாவின் நாட்டவே மாளிகை எரிந்துபோனது. 1859இல் முடிந்த கட்டடம், 64 அறைகள், கரும்பு முதலாளி ராண்டால்ஃபுக்காக ஹென்றி ஹோவர்ட் வடிவமைத்தது. 1860இல் ராண்டால்ஃபிடம் 155 அடிமைகள் இருந்தார்கள். சமீப காலமாக அது விடுதி, கல்யாண மண்டபம். எரிந்ததில் பலருக்குச் சந்தோஷம், அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் அது நின்றிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன், கல்யாணத்துக்காக அல்ல, விட்னியைப் போல.